செருப்பும் சிறப்பும்

மிலான் நகரம். இத்தாலி நாட்டின் ஆடை அலங்காரத் தலைநகரம். 2025ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், அந்நகரிலே பிராடா எனும் பெயர்பெற்ற நிறுவனம், மறு ஆண்டு வேனிற் காலத்துக்கான ஆடவர் உடைகளை அரங்கேற்றிற்று. ஒளிவெள்ளத்திலே ஒய்யார நடை நடந்தனர் இளைஞர்கள். அரங்கிலிருந்தோர் ஆடைகளைப் பார்த்தனர். படம் வாயிலாகக் கண்ட இந்திய மக்களோ, அவர்களின் கால்களைப் பார்த்தனர்!

பார்த்தவர் திகைத்தனர். கால்விரல் நுழையும் வளையம், பின்னிய தோல்வார், தட்டையான அடித்தோல் — அது கோலாப்பூர்ச் செருப்பு! மராட்டியத்திலும் கன்னடநாட்டிலும் உழவர் வயலுக்கு அணிந்து சென்ற செருப்பு! நிறுவனம் அதற்குச் சூட்டிய பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? 'தோற் செருப்பு.' அவ்வளவே! ஊர் இல்லை, பேர் இல்லை, செய்தவன் இல்லை, செய்த வரலாறும் இல்லை.

கொதித்தது நாடு. "எமது பண்பாட்டைத் திருடிவிட்டான் வெள்ளையன்!" என்று ஏடுகள் எழுதின, அரசியலாளர் அறிக்கை விட்டனர். வழக்குரைஞர் சிலர், மும்பை உயர்நீதிமன்றத்திலே பொதுநல வழக்குத் தொடுத்தனர். கொதிப்பிலே நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், 'எமது பண்பாடு' என்றார்களே, அந்த 'எமது' என்ற சொல்லுக்குள்ளே யார் யார் அடக்கம்? அந்தச் செருப்பைச் செய்தவன் அதிலே அடக்கமா? இந்தக் கேள்வியைத்தான் வரலாற்றின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன்.

செருப்பு எப்படிப் பிறக்கிறது? எருமைத்தோலைக் கருவேலம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரிலே பல நாள் பதப்படுத்த வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். பதப்பட்ட தோலை வெட்டி, அடுக்கி, தட்டி, ஆணி அடிக்காமல் தோல்நூலாலேயே தைக்க வேண்டும். ஆண் அடித்தோல் வெட்டுவான். பெண் வார் பின்னுவாள். பதனிடுவோர் தோர் எனும் சாதியார். தைப்போர் சாம்பார் எனும் சாதியார். இருவரையுமே தீண்டத்தகாதார் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தது, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குள்ளே உலவிய சமுதாயம். செருப்பு தீட்டல்ல, செய்தவன் தீட்டு! இப்படியும் ஓர் அறிவு, இப்படியும் ஓர் அறம்!

அதே நிலப்பகுதியின் பழங்கதை ஒன்று கேளுங்கள். 12ஆம் நூற்றாண்டு. பிஜ்ஜளன் ஆண்ட கல்யாண நகரிலே, சாதியை மறுத்துக் கிளம்பிற்று பசவண்ணர் கண்ட சரணர் இயக்கம். அதிலே அரளய்யா எனும் செருப்புத் தொழிலாளி ஒருவர். தம்மை மனிதராக மதித்து வணங்கிய பசவண்ணருக்கு, அவரும் அவர் துணைவியும் தங்கள் தொடைத்தோலை அறுத்தே செருப்புச் செய்து தந்தனர் என்று கதை சொல்லும். தொடைத்தோலைப் பகுத்தறிவு ஏற்க வேண்டியதில்லை; ஏற்கவும் மாட்டோம். ஆனால் மரபு தொடர்ந்து சொல்வதைக் கவனியுங்கள்: அரளய்யாவின் மகனுக்கும், பார்ப்பனராய்ப் பிறந்து சரணரான மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்தது. நடந்ததும் சாதிக் கோட்டை கிடுகிடுத்தது. பெற்றோர் இருவரும் மரண தண்டனைக்கு ஆளாயினர்; சரணர்கள் சிதறடிக்கப்பட்டனர். செருப்பு வேண்டும், சம்பந்தி வேண்டாம் என்பதுதான் அன்றைய தீர்ப்பு!

நூற்றாண்டுகள் உருண்டன. 1894இல் கோலாப்பூர் அரியணை ஏறினார் சாகு மகாராசர். சென்னையிலே நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புரிமை ஆணை பிறப்பித்ததற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1902இல், தம் அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 50 பங்கைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கியவர் அவர். கங்காராம் காம்ப்ளே எனும் தாழ்த்தப்பட்ட தோழர் தேநீர்க்கடை வைத்தபோது, குடிக்க ஆளில்லை. அரசரே சென்று அருந்தினார். அரசர் குடித்த கோப்பையை யார் தீட்டென்பது? 1920ஆம் ஆண்டு மார்ச்சில், மாண்காவ் மாநாட்டிலே, இளைஞர் அம்பேத்கரை ஒடுக்கப்பட்டோரின் தலைவர் என்று சாகு அறிமுகப்படுத்தியதும் அந்த மண்ணிலேதான். கோலாப்பூர் என்றால் செருப்பு மட்டுமல்ல, தோழர்களே; செருப்புத் தைத்தவனுக்கும் சிறப்புண்டு என்று சொன்ன வரலாறும் கோலாப்பூர்தான்!

இனி, கடல் கடந்த கொள்ளையின் கதைக்கு வருவோம். இது பிராடா கண்ட புதுவழி அல்ல. நம் வீட்டுப் பெண்கள் மாங்காய்ப் புட்டா என்று சொல்கிறார்களே, அந்த வளைந்த வடிவத்தை மேனாட்டார் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர்? பெய்ஸ்லி. அது பூவின் பெயரா, காயின் பெயரா? இல்லை, ஸ்காட்லாந்து நாட்டிலே உள்ள ஒரு நெசவு நகரத்தின் பெயர்! காசுமீரத்து நெசவாளி மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், தறியிலே குனிந்து நெய்த சால்வையை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பெய்ஸ்லி ஆலைகள் போலச் செய்து மலிவாய் விற்றன. வடிவம் போயிற்று, பின்னர் வடிவத்தின் பெயரும் போயிற்று.

நெசவாளி என்ன ஆனான்? 1846ஆம் ஆண்டு அமிர்தசரசு உடன்படிக்கையின்படி, 75 இலட்சம் ரூபாய்க்குக் காசுமீரத்தைக் குலாப்சிங்குக்குக் கைமாற்றிற்று ஆங்கிலக் கும்பெனி. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய திறையிலே 12 சால்வை ஆடுகளும் 3 இணைச் சால்வைகளும் அடக்கம். சால்வை அரசியின் தோளுக்கு. வரிச்சுமை நெசவாளியின் தோளுக்கு! தாங்கமாட்டாமல் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 29இல் சிறீநகரிலே நெசவாளர்கள் ஊர்வலமாக எழுந்தனர். படை பாய்ந்தது, 28 பேர் மாண்டனர் என்பர். 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய போரிலே பிரெஞ்சுச் சந்தையும் மூடிற்று. அடுத்து வந்த பஞ்சம், எஞ்சிய நெசவாளர் பலரையும் விழுங்கிற்று. ஆக, நெசவாளியை வீழ்த்தியவன் வெளிநாட்டு ஆலைக்காரன் மட்டுமல்லன், உள்நாட்டு அரண்மனைக்காரனும்தான். இந்தப் பாடத்தை மறவாதீர்கள்!

பழித்துரை எழும்போது பணம் படைத்தோர் எவ்வாறு பதிலிறுக்கின்றனர்? அதற்கும் வரலாறு உண்டு. முதலில் மௌனம். அது செல்லாவிடில், 'இது திருட்டன்று, பாராட்டு' என்று புன்சிரிப்பு. அதுவும் செல்லாவிடில், 'பண்பாடு யாருக்கும் சொந்தமில்லை' என்று தத்துவம். அதுவும் எடுபடாவிடில், மன்னிப்பு!

மெக்சிகோ நாட்டு ஓஹாகா மாநிலத்திலே சாந்தா மரியா த்லாவிதோல்தெபெக் என்றொரு மலையூர். மிஹே எனும் தொல்குடியினர் தம் சட்டைகளிலே பூவேலை செய்து அணிவர். 2015இல், இசபெல் மரான் எனும் பிரெஞ்சு அலங்காரக் கலைஞர் விற்ற சட்டை தங்களுடையதே என்று அவ்வூர்ப் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே வடிவத்துக்கு வேறொரு பிரெஞ்சு நிறுவனம் உரிமை கோரி வழக்காட, 'இது அவர்களுடையதன்று, அந்த மெக்சிகோ ஊர் மக்களுடையது' என்று வழக்கு மன்றத்திலே மரான் தரப்பு வாதிட்டது. ஏழையின் உரிமை எப்போது நினைவுக்கு வருகிறது, பார்த்தீர்களா? எதிரிப் பணக்காரனை வீழ்த்த வேண்டியபோது! 2020இல், மற்றொரு தொல்குடியான புரேபெச்சா மக்களின் வடிவத்தைப் பயன்படுத்தியதற்காக அவரே மெக்சிகோ அரசுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. ஐந்தாண்டுகளிலே பாடம் ஏறவில்லை!

பிராடா சிக்கிய அதே 2025ஆம் ஆண்டில், ஆகஸ்டுத் திங்களில், அடிடாஸ் நிறுவனமும் சிக்கியது. அதே ஓஹாகா மாநிலத்து யலாலாக் ஊரின் பின்னற் செருப்பை ஒத்த ஒரு காலணிக்காக! ஆனால் அங்கே ஒரு மாறுதல். நிறுவனத்தின் ஆட்கள் அந்த ஊருக்கே சென்று, ஊர்மக்கள் முன்னே நின்று மன்னிப்புக் கேட்டனர். பணக்கார நிறுவனம் ஏழைச் சிற்றூரின் முற்றத்திலே நின்றது. கண்டனக்குரலுக்கு வலிமை இல்லை என்பவர், இதை எண்ணிப் பார்க்கட்டும்.

'பண்பாடு கலந்து வளர்வதுதானே? ஒருவரிடம் ஒருவர் பெற்றால் குற்றமா?' என்று கேட்பர் நண்பர் சிலர். குற்றமில்லை! தூய பண்பாடு என்று ஒன்று இருப்பதாகப் பகுத்தறிவாளர் நம்புவதில்லை. நாம் உண்ணும் மிளகாய் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தது. இந்தக் கட்டுரையைத் தாங்கும் அச்சுக்கலை ஐரோப்பியர் கொண்டுவந்தது. பெறுவதும் தருவதும் மனித இயல்பு. ஆனால், கடன் வாங்குவதற்கும் கன்னம் வைப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா! கடன் வாங்குவோன் கொடுத்தவன் பெயரைச் சொல்வான்; கணக்குத் தீர்ப்பான். பெயரை மறைத்து, பயனை முழுதும் தானே சுருட்டி, கொடுத்தவன் கேட்டால் 'நீ யார்?' என்று வினவுவது எதுவோ, அதைத்தான் பறிப்பு என்கிறோம். வெள்ளையன் அணிந்ததா குற்றம்? இல்லை. செய்தவனை அழித்துவிட்டு அணிந்ததே குற்றம்.

அப்படியானால், தோழர்களே, அதே அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டாமா? செய்தவனை அழித்துவிட்டு அணிவதை நமக்குக் கற்றுக்கொடுக்க மிலான் நகரத்தார் வரவேண்டுமா என்ன? தாழ்த்தப்பட்ட மக்கள் காலிலே செருப்பணிந்து மேல்சாதித் தெருவிலே நடக்கக்கூடாது என்று தடுத்த ஊர்கள், நம் தமிழ்நாட்டிலே எத்தனை! செருப்பைக் கழற்றிக் கையிலே பிடித்து நட என்றவன், பண்பாட்டுக் காவலனா? அன்றைய திருவிதாங்கூரிலே சாணார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் மேலாடைக்காகவே பல்லாண்டு போராடி, 1859இல்தான் ஆணை பெற்றனர். உயர்ந்தவன் எடுத்தால் நாகரிகம். தாழ்ந்தவன் உடுத்தால் குற்றம் — இதுவே நம் நாட்டு அலங்கார வரலாறு!

'அதெல்லாம் பழங்கதை' என்பீரேல், 2016ஆம் ஆண்டு சூலையிலே குசராத்து மாநிலம் உனாவிலே நடந்ததை எண்ணுங்கள். செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை, வண்டியிலே கட்டிவைத்து அடித்தனர். தோல் உரிப்பது அவர்கள் தலையெழுத்து என்று விதித்ததும் சாதி. உரித்தாய் என்று உதைத்ததும் சாதி! அதற்கு முன்னாண்டு, மராட்டிய மாநிலம் எருதையும் காளையையும் வெட்டத் தடை விதித்தது. தோல் வரத்துக் குறைந்தது, விலை ஏறியது என்று கோலாப்பூர்த் தொழிலாளர் முறையிட்டனர். அன்று அவர்களுக்காக எத்தனை பேர் கொதித்தனர்? பிராடாவைக் கண்டு சிவந்த கண்கள், அன்று எங்கே மூடிக்கிடந்தன?

இனி, 2025இன் முடிவைப் பார்ப்போம். கண்டனம் பெருகவே, இந்தியக் கைவினைச் செருப்பின் தாக்கமே அது என்று சூன் இறுதிக்குள் ஒப்புக்கொண்டது பிராடா. சூலையிலே மும்பை உயர்நீதிமன்றம் பொதுநல வழக்கைத் தள்ளிற்று. புவிசார் குறியீட்டின் பதிவு உரிமையாளரே வழக்காடலாம், பிறர்க்கு உரிமை இல்லை என்றது. அக்குறியீடு 2019இல் கோலாப்பூர், சாங்கலி, சாத்தாரா, சோலாப்பூர், பெலகாவி, தார்வாடு, பாகல்கோட்டை, பீசப்பூர் ஆகிய எட்டு மாவட்டங்களுக்குக் கிடைத்தது. உரிமையாளர், மராட்டிய, கன்னட அரசுகளின் தோல்தொழில் வளர்ச்சிக் கழகங்கள். அவ்விரு கழகங்களுடன் அதே ஆண்டு டிசம்பரிலே உடன்பாடு செய்தது பிராடா. இந்தியாவிலேயே 2,000 இணைச் செருப்புகள். இணை ஒன்று ஏறத்தாழ 800 யூரோ. தொழிலாளருக்குப் பயிற்சி என்று அறிவித்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். 800 யூரோ என்றால், எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! உள்ளூர்ச் சந்தையிலே ஆயிரம் ரூபாய்க்கே பேரம் பேசும் நம் மக்கள் மூக்கிலே விரல் வைப்பர். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி விலை அல்ல. அந்த எண்பதாயிரத்திலே, பட்டை ஊறிய நீரிலே கை வெந்தவனுக்கு எவ்வளவு? வார் பின்னிய பெண்ணுக்கு எவ்வளவு? அவள் பெயர் அந்தப் பெட்டியிலே இருக்குமா? அவள் பிள்ளை, அப்பன் தொழிலைத்தான் செய்தாக வேண்டும் என்ற கட்டு இல்லாமல், விரும்பினால் செருப்புக் கலைஞனாகவும் விரும்பினால் மருத்துவனாகவும் ஆக வழி பிறக்குமா? பண்பாட்டைக் காப்பது என்ற பெயரால் ஒரு குலத்தைத் தோல்தொட்டியிலேயே அமிழ்த்தி வைப்பதானால், அந்தக் காப்பும் ஒரு விலங்கே!

இளைஞர்களே! அயலான் பறித்தால் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். கேட்டதால்தான் மிலான் பணிந்தது. ஆனால் அந்தக் குரல் கோலாப்பூரின் தோல்தொட்டி ஓரத்திலும் கேட்கட்டும். நம் ஊர்த் தெருக்கோடியிலும் கேட்கட்டும். பண்பாட்டின் பெயரால் பேசுவோரைக் கண்டால் கேளுங்கள்: 'ஐயா, செருப்பு உமது பெருமை என்கிறீர், நன்று! தைத்தவன் உமக்கு யார்?'

உறவினன் என்று அவர் சொல்லும் நாளில், அரளய்யாவின் வீட்டுத் திருமணம் நிறைவு பெறும்.