ஹோஸ் முனை வாளிக்குள் மூழ்கினால் என்ன ஆகும்? குழாய்த் தண்ணீரின் ‘பின்னோட்டம்’ பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பினாங்கு, ஜோர்ஜ்டவுன் சூலியா தெருவில் காலையில் கடை திறக்கும் நேரம். ஓர் உணவுக் கடையின் பின்புறம் பெரிய வாளி. அதில் முதல் நாள் இரவுப் பாத்திரங்கள் ஊறிய தண்ணீர். குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸின் முனை அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. குழாய் திறந்தே இருக்கிறது. வாளி நிரம்பட்டும் என்று பணியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இந்தத் தெரு என்றில்லை, எந்த உணவுக் கடையிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஹோஸிலிருந்து வாளிக்குத்தானே தண்ணீர் போகும், இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். பெரும்பாலான நாள் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் தெருக்குழாயில் அழுத்தம் திடீரென்று விழுந்துவிட்டால் கதை மாறும். வாளித் தண்ணீர் ஹோஸ் வழியாக மேலேறிக் கடையின் குழாய்க்குள் போகும். அங்கிருந்து பக்கத்துக் கடையின் தேத்தண்ணிக் கெண்டிக்கும் போகலாம். இதற்குப் பெயர்தான் பின்னோட்டம்.

தண்ணீர் ஏன் திரும்பி ஓடுகிறது?

தண்ணீருக்குத் திசை தெரியாது. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அது ஓடும், அவ்வளவுதான். தெருக்குழாய் உடைந்தாலோ, பழுதுபார்க்க வால்வை மூடினாலோ, தீயணைப்பு வண்டி ஒரே நேரத்தில் ஏராளமாக நீரை இழுத்தாலோ, குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போய்விடும். உறிஞ்சுகுழல் போட்டு இளநீர் குடிக்கிறோமே, அதே வேலையைத் தெருக்குழாய் செய்ய ஆரம்பிக்கும். காற்றின் அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர் உயரம் வரை தள்ளவல்லது. இரண்டு மாடிக் கடைவீட்டுக்கு அது தாராளம்.

இரண்டாவது வழி, உள்ளிருந்து தள்ளுவது. கட்டடத்துக்குள் இருக்கும் மோட்டார் பம்போ கொதிகலனோ தெருக்குழாயைவிட அதிக அழுத்தம் கொடுத்தால், உள்ளே இருக்கிற நீர் வெளியே போய்விடும்.

பினாங்கு மக்களுக்கு 2024 ஜனவரி நினைவிருக்கும். சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 1.2 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றுவதற்காக, 10-ஆம் தேதி முதல் 14-ஆம் தேதி வரை நீர் விநியோகம் தடைபட்டது. தீவிலும் செபராங் பிறையிலும் சுமார் 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்களுக்கு அது பாதிப்பு. நம்மில் பலர் வாளி, டிரம் என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தோம். அழுத்தம் இறங்கும் அந்த மாதிரி நாள்களில்தான், வாளிக்குள் மறந்துபோன ஒரு ஹோஸ் முனை ஆபத்தாகிறது. தடை முடிந்து தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அதை யாரும் யோசிப்பதில்லை.

உண்மையிலேயே இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. தங்கும் விடுதிகள் நிறைந்த சூலியா தெரு குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சம்பவம், 1933-இல் அமெரிக்காவின் சிக்காகோவில் நடந்தது. உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு ஹோட்டல்களில், பழைய குழாய் இணைப்புகள் வழியாகக் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. அமீபா சீதபேதி பரவி, சுமார் 1,400 பேர் நோயுற்றனர். 98 பேர் இறந்தனர். விருந்தினர்கள் ஊர் திரும்பிய பிறகே பலருக்கு நோய் தெரிந்ததால், எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே இடம் என்று கண்டுபிடிக்கவே காலம் பிடித்தது.

அது பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. 2007 நவம்பர் இறுதியில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் குடிநீர்க் குழாயோடு இணைந்திருந்த ஒரு வால்வு திறக்கப்பட்டது. சுமார் 450 கன மீட்டர் கழிவுநீர் குடிநீருக்குள் புகுந்து, 8,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இத்தனைக்கும் காரணம், முதலில் அங்கே இருந்திருக்கவே கூடாத ஓர் இணைப்பு.

தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? மலேசியத் தரநிலைப்படி குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். சின்னக் கிருமித் தொல்லைக்கு அது காவல். ஒரு வாளி அழுக்குத் தண்ணீர் உள்ளே வந்தால் அந்தக் குளோரின் சீக்கிரமே தீர்ந்துவிடும். அமீபாவின் உறைகொண்ட வடிவம் அதற்கு எளிதில் சாகவும் செய்யாது.

எப்படித் தடுப்பது?

மிக நம்பகமான தடுப்புக்குக் காசே தேவையில்லை: காற்று இடைவெளி. குழாய் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் நடுவே வெற்றிடம் விடுங்கள். குழாய் விட்டத்தின் இரு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் என்பது பொது விதி. காற்றைத் தாண்டி அழுக்கை உறிஞ்ச முடியாது.

நம் வீடுகளில் கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் டாங்கியும் இதே தத்துவம்தான். மலேசிய வழக்கப்படி சமையலறைக் குழாய்க்கு மட்டும் தெருக்குழாயிலிருந்து நேரடி இணைப்பு. கழிப்பறை, குளியலறைக்கு டாங்கியிலிருந்து. டாங்கிக்குள் நீர் மேலிருந்து விழுவதால் தொடர்பு அறுந்துவிடுகிறது. சத்தம் குறையட்டும் என்று உள்குழாயை நீட்டி நீருக்குள் மூழ்கவிட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று.

கடைவீட்டை அறை அறையாகத் தடுத்து விடுதியாக்கும்போது புதுக் கழிப்பறைக்குக் குழாயை எங்கிருந்து இழுத்தார்கள் என்று கேளுங்கள். கழிப்பறையில் தொங்கும் கைத்தெளிப்பான் ஹோஸ்தான் அங்கே பெரிய சந்தேகம். அதன் முனை வாளியிலோ கழிப்பறைத் தொட்டியிலோ கிடந்தால், ஐரோப்பியத் தரநிலையில் மிக ஆபத்தான ஐந்தாம் வகை நீர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். மீட்டர் பக்கத்திலுள்ள முதன்மை வால்வை மூடுங்கள். சமையலறைக் குழாய் நின்றுவிடும். கழிப்பறை ஹோஸும் சேர்ந்து நின்றால், அதுவும் நேரடி இணைப்புதான். ஓடிக்கொண்டே இருந்தால் டாங்கி நீர்.

நேரடி இணைப்பு என்றால் அனுமதி பெற்ற பிளம்பரைக் கூப்பிட்டு டாங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒருவழி வால்வு போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அதில் மண்ணோ துருவோ சிக்கினால் மூடாது. கழிப்பறைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுப்பது தடை செய்யப்பட்டது. பம்ப் தேவையென்றால் முதலில் கீழ்த்தொட்டியில் பிடித்து, அதிலிருந்து ஏற்ற வேண்டும். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய்களெல்லாம் உரிமையாளரின் பொறுப்பு என்பதால், வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் அவரிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

நீர்த்தடை முடிந்த பிறகு வடிகட்டி இல்லாத ஒரு குழாயைத் திறந்து, தெளியும் வரை ஓடவிடுங்கள். நிறமோ நுரையோ நாற்றமோ இருந்தால் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். சோப்பும் பூச்சிமருந்தும் போகாது. பக்கத்துக் கடையிலும் அப்படி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நீர் விநியோக நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எந்தக் கடை வரை அந்த நீர் வருகிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் இடத்தைத் தேடுவார்கள்.