பண்ணையாரின் உடம்பில் தேடிய காரணம்



தமிழ் சினிமாவில் தன்பாலீர்ப்பு என்ற தலைப்பில் பேசப் போவதாகச் சொன்னபோது ஒரு மூத்த தோழர், "நம்ம மேடையில இது எதுக்குப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். அவருக்கான பதிலை நான் கீழ்வெண்மணியிலிருந்து தொடங்குகிறேன்.

1968 டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சையில், இராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நெல் கூலியை உயர்த்திக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் காரணம் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். அந்த நிகழ்வை மையமாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படத்தை எடுத்தார். நாவலில் பண்ணையார் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அவருடைய வெறிக்கான வேர் அந்தக் குறையில் இருப்பதாக நாவல் நம்மை நினைக்க வைக்கிறது. இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே இதை எதிர்த்தார்கள். நிலத்திலும் சாதியிலும் கூலியிலும் இருந்த காரணம் ஒருவரின் உடம்புக்குள் போய் ஒளிந்துகொண்டது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் அந்த விமர்சனத்துக்கு ஒரு மறுபாதி உண்டு. அதை நாம் எழுப்பவே இல்லை. 'ஆம்பளை' இலக்கணத்துக்குள் அடங்காத உடம்பு கொடூரத்தின் ஊற்று என்று எழுதினால், அப்படிப்பட்ட உடம்போடு சேரியிலும் ஊரிலும் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகும்?

2006இல் 'வேட்டையாடு விளையாடு' வந்தது. தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில், எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன இரண்டாவது ஆளான என் நண்பனோடு உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் வில்லன்கள் இருவர், மருத்துவம் படித்தவர்கள், தொடர் கொலைகாரர்கள். அவர்களுக்குள் இருக்கும் உறவின் மேல் படம் ஒரு நிழலைப் படரவிடுகிறது. நாயகன் அவர்களை ஓரினச்சேர்க்கையாளர்களா என்று ஏளனமாகக் கேட்கும் இடத்தில் அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். நண்பன் தட்டினானா என்று நான் பார்க்கவில்லை. அவன் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, திருப்பூரிலிருந்து, போனில். விடுதியில் சாதியை மறைத்தான், வீட்டில் இதை மறைத்தான். "ரெண்டையும் சேர்த்து மறைக்கிறதுதான்டா கஷ்டம்" என்றான்.

பெண் வேடம் கட்டிய ஆண்களால் வளர்ந்ததுதான் தமிழ் நாடக மேடை. கும்பகோணத்தில் படித்த எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். சிவாஜி பெண் வேடங்களில் நடித்துத் தேறியவர். அங்கிருந்து வந்த சினிமாதான் பெண்மை கலந்த ஆணை 'ஒன்பது' என்று சொல்லிச் சிரிக்க வைத்தது. 2010இல் வந்த 'கோவா' ஒரு ஆண் ஜோடியைக் கொலைகாரர்களாக்காமல் காட்டியது. நகைச்சுவைக்குள்தான் என்றாலும் அது ஒரு சிறு நகர்வு. 'என் மகன் மகிழ்வன்' திரைப்பட விழாக்களில் திரையிடப்பட்டது.

பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' 2022இல் வந்தபோது நம்மில் பலர் அதை ஆணவக்கொலை பற்றிய படமாக மட்டும் பேசினோம். அதில் ஒரு நாடகக்குழு இருக்கிறது. தலித் பெண் ரெனே, ஆண் ஜோடி, பெண் ஜோடி, திருநங்கை எல்லோரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து காதலைப் பற்றி வாதிடுகிறார்கள். யாரை யார் நேசிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒன்றுதான், அது சாதியின் பெயரிலும் வரும், இயற்கையின் பெயரிலும் வரும் என்று அந்த வட்டம் காட்டுகிறது. எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்த ஜோடிகளுக்குக் கருத்து இருக்கிறது. ஊர் இல்லை, தெரு இல்லை, அம்மா இல்லை. ரெனேவுக்கு இருக்கும் கடந்தகாலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அது கிடைத்த படம் இந்தியில் இருக்கிறது. நீரஜ் கேவான் இயக்கிய 'கீலி புச்சி', 2021. பாரதி மண்டல் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் தலித் பெண். தகுதியிருந்தும் மேசை வேலை அவளுக்குக் கிடைப்பதில்லை, பிரியா சர்மாவுக்குப் போகிறது. இருவருக்கும் இடையில் ஈர்ப்பு முளைக்கிறது. பாரதி தன் சாதியைச் சொன்னதும் பிரியாவின் முகம் மாறுகிறது. பிறகு பிரியாவின் வீட்டில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பை, பாரதிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று நம்புகிற நகரத்து வானவில் பேரணிகளுக்கு அந்த டம்ளரைக் காட்ட வேண்டும். நம் கூட்டங்களுக்கும் காட்ட வேண்டும்.

"நம்ம மேடையில எதுக்கு?" என்ற கேள்விக்கு வருகிறேன். 1934இல் பம்பாயில் ர.தோ. கர்வே மீது ஆபாச வழக்கு. 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற தன் மராத்தி இதழில், தன்பாலுறவு உள்ளிட்ட பாலியல் ஐயங்களுக்கு வாசகர்களுக்குப் பதில் எழுதியதுதான் குற்றம். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் டாக்டர் அம்பேத்கர். பாலியலைப் பற்றி எழுதியதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்றார். வழக்கு தோற்றது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசிய அரசியலமைப்பு அறநெறி என்ற கருத்தை எடுத்துத்தான் 2009இல் தில்லி உயர் நீதிமன்றமும் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமும் 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தின. ஆக, இந்த மேடைக்கு நான் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

சென்ற ஆண்டு திருவாரூர்ப் பக்கம் ஒரு தெருவில், நடவு முடிந்த வாரம், சுவரில் வேட்டி கட்டி 'கீலி புச்சி' போட்டோம். வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முத்தக்காட்சியில் பையன்கள் சிரித்தார்கள். டம்ளர் வந்தபோது பேச்சு அடங்கியது. முடிந்ததும் நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா, "கடைசியில அந்த வேல இந்தப் பொண்ணுக்குக் கெடைச்சிருச்சுல்ல?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அது ஆசப்பட்ட பொண்ணு மட்டும் கெடைக்கல, அப்படித்தான?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் வேட்டியை அவிழ்க்க ஒரு கை கொடுத்தார்.