உளவியல் செய்முறைக் கல்வி

உளவியல் ஆய்வு முறைகளை வகுப்பறைச் சோதனைகள் வழியே மாணவர்களுக்குக் கற்பிப்பது உளவியல் செய்முறைக் கல்வி. மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்வர். ஒருவர் சோதனையாளர், மற்றவர் சோதனைக்கு உட்படுபவர். பிறகு இடம் மாறிக்கொள்வர். கிடைத்த அளவீடுகளை வகுப்பு முழுவதற்கும் தொகுத்துப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதுவர்.

தோற்றம்

வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம் நிறுவினார். அங்கே ஆய்வாளர்களும் மாணவர்களும் ஒருவர் சோதனைக்கு மற்றவர் உட்பட்டனர். அவரிடம் பயின்ற எட்வர்ட் டிச்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1901இலும் 1905இலும் அவர் வெளியிட்ட ஆய்வகக் கையேடுகளில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனி நூல்கள் இருந்தன. செய்முறை வகுப்பு பாடத்திட்டத்தில் நிலைபெற இவை பெரிதும் உதவின.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் உளவியல் ஆய்வகம் 1915இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மறு ஆண்டே தனித் துறை அமைந்தது. அதற்குப் பொறுப்பேற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹியூகோ மன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். மன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர் என்பதால், லைப்சிக் மரபு அமெரிக்கா வழியாகவே வங்கத்தை அடைந்தது. மைசூர் பல்கலைக்கழகத் துறை 1924இல் எம். வி. கோபாலசாமியின் தலைமையில் உருவானது. இவர் லண்டனில் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தொடங்கியது.

அக்கால ஆய்வகங்களின் அடையாளம் கருவிகள்தாம். சொற்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டும் நினைவு உருளை, கண்ணாடியில் பார்த்து வரையும் கருவி, முல்லர்-லயர் கோட்டுப் பலகை ஆகியன முக்கியமானவை. பிற்காலத்தில் இவற்றின் வேலையில் பெரும்பகுதியைக் கணினி ஏற்றுக்கொண்டது.

மும்பை வட்டாரம்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் பயன்முறை உளவியல் துறை 1959இல் தொடங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பாடத்திட்டத்தில் உளவியல் செய்முறைத் தாள் மூன்றாம் ஆண்டில் இடம்பெற்றது. மாட்டுங்காவிலிருந்து உல்லாஸ்நகர் வரை உள்ள கல்லூரிகள் இப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறிய கல்யாண் இராணுவ முகாமே 1949இல் உல்லாஸ்நகர் என்ற நகரானது. சிந்தி, மராத்தி, இந்தி, தமிழ் எனப் பல மொழியினர் ஒரே வகுப்பில் அமரும் இவ்வட்டாரம், மொழி சார்ந்த சோதனைகளுக்கு இயல்பாகவே ஏற்றது.

எடுத்துக்காட்டு: ஸ்ட்ரூப் சோதனை

‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது இச்சோதனை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வில், நூறு வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63.3 வினாடி ஆனது. பொருந்தாத சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110.3 வினாடி ஆனது. வாசிப்பு தானாகவே நிகழ்ந்து குறுக்கிடுவதே தாமதத்துக்குக் காரணம். அந்த எழுத்தைச் சரளமாக வாசிக்காதவருக்கு இக்குறுக்கீடு குறையும். எனவே தமிழ்ப் பட்டியலைத் தமிழ் வாசிப்பவருக்கும் வாசிக்கத் தெரியாதவருக்கும் கொடுத்து ஒப்பிட்டாலே ஓர் ஆய்வுக் கருதுகோளைச் சோதித்துவிடலாம்.

வண்ணக் கட்டங்கள், பொருந்தாத சொற்கள் ஆகிய இரு பட்டியல்களையும் எல்லாரும் ஒரே வரிசையில் செய்தால் பழக்கமோ களைப்போ முடிவில் கலந்துவிடும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றித் தருவது அதனால்தான். சோதனைக்கு உட்பட்டு அந்தக் களைப்பை உணர்ந்த மாணவருக்குக் கட்டுப்பாட்டின் தேவையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வரம்புகள்

சக மாணவர்களையே சோதிப்பதால் முடிவுகளை மக்கள் அனைவருக்கும் பொதுவாக்க முடியாது. பாடநூலில் முடிவை முன்பே படித்தவர் தம்மை அறியாமல் அதற்கேற்ப நடக்கலாம். எதிர்பார்த்த முடிவு வராதபோது எண்களைத் திருத்தும் ஆசையும் எழும். வராத முடிவையும் காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் உண்டு என்ற நிலை இருந்தால்தான் இக்கல்வி ஆய்வு முறையைக் கற்பிக்கும். இல்லாவிட்டால் அது ரெக்கார்டு நோட்டு நிரப்பும் வேலையாகவே முடிந்துவிடும்.