தொப்பியின் குரல்: வீட்டுக்குள் வந்த தாழ்சுருதியின் கதை

பொத்தேரி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் என் வீடு. நள்ளிரவில் சரக்கு ரயில் செங்கல்பட்டு நோக்கிச் செல்லும்போது, அதன் சத்தம் காதில் தெளிவாகப் படுவதற்கு முன்பே அலமாரிக் கண்ணாடி அதிர்ந்துவிடும். தாழ்ந்த ஒலியின் இயல்பு அது. அது கேட்கப்படுவதைக் காட்டிலும் உணரப்படுவதே அதிகம்.

அண்மையில் என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயருடன் ஒரு சப்வூஃபரை இணைக்க முற்பட்டேன். எண்பதுகளில் ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி அவரே பூட்டிய ஆம்ப்ளிபயர் அது. நோக்கம் ஒன்றுதான். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தை ஒலிநாடாவில் கேட்கும்போதெல்லாம் அப்பா, "இதுல பாதிதான்டா இருக்கு. அந்தத் தொப்பி இல்ல" என்பார். மாணவப் பருவத்தில் பிள்ளையவர்களை நேரில் கேட்டவர் அவர். அந்தப் பாதி எங்கே போயிற்று என்ற கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

மிருதங்கத்தின் இடப்பக்கம் தொப்பி. வாசிக்கும் முன் அதில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். தோலின் எடை கூட, சுருதி கீழிறங்கும். வலந்தலையில் நிலையாக இருக்கும் கரணை எவ்வாறு இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்பதை சி.வி. ராமன் 1920இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். தொப்பியின் வேலை வேறு. ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்கு ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தொப்பி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே நின்றால் சுமார் 65 ஹெர்ட்ஸ். மனிதச் செவியின் எல்லை 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆக, தொப்பி செவியின் அடித்தளத்துக்கு அருகில் பேசுகிறது. முரசைக் கட்டிலில் ஏற்றி வழிபட்ட மரபு நம்முடையது. அக்கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய கதையைப் புறநானூறு அறிந்தோர் அறிவர். அத்தகைய ஒலியைத்தான் இயந்திரங்கள் முதலில் கைவிட்டன.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனி முதன்முதலாக 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தது. அப்போது மின்சார மைக் இல்லை. பாடகர் ஒரு புனலுக்குள் பாடுவார். அந்தக் காற்றழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடிடும். தாழ்ந்த ஒலிகளுக்கு அந்த ஊசியை அசைக்கும் திறன் இருக்கவில்லை. 1925இல் அமெரிக்காவில் மின்வழி ஒலிப்பதிவு வந்து, பின்னர் இங்கும் பரவிய பிறகே தட்டுகளில் ஓரளவு அடிக்குரல் ஏறியது. அப்போதும் ஒரு சிக்கல். தாழ்ந்த ஒலியை முழு வலுவோடு வெட்டினால் தட்டின் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தைத் தொட்டுவிடும். எனவே பதியும்போது குறைத்து, இசைக்கும்போது ஆம்ப்ளிபயரில் மீட்டுக்கொள்ளும் முறை ஏற்பட்டது. அதற்கான பொது அளவு 1954இல் வகுக்கப்பட்டது.

வானொலியின் கதையும் இதைப் போன்றதே. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. பெரிய மரப்பெட்டி வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு மிருதங்கம் ஓரளவு மிருதங்கமாகவே கேட்டிருக்கும். பிறகு கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் வந்தது. எங்கும் எடுத்துச் செல்லும் வசதிக்கு நாம் கொடுத்த விலை தொப்பிதான். சிறு ஸ்பீக்கரால் பெருங்காற்றைத் தள்ள இயலாது. பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வாதாடியதை அந்நாளில் பலர் பிடிவாதம் என்றனர். இன்று எண்ணிப் பார்க்கையில் அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

சப்வூஃபர் என்ற தனிப்பெட்டி மேலைநாடுகளில் அறுபதுகளில் உருவாகி, எழுபதுகளில் வீடுகளுக்குள் நுழைந்தது. திரையரங்குகளுக்காக 1992இல் வந்த டால்பி டிஜிட்டல், அடிக்குரலுக்கென்றே தனித்தடம் ஒதுக்கியது. ஐந்து தடங்களோடு சேர்த்துச் சொல்லும் 'புள்ளி ஒன்று' அதுதான்.

என் சிக்கல், அப்பாவின் ஆம்ப்ளிபயரில் சப்வூஃபருக்கென்று தனி வாயில் இல்லாதது. இணைக்க வந்த கடைக்காரர், டேப் ரெக்கார்டருக்கான வெளிவாயிலில் கம்பியைச் செருகிவிட்டுப் போய்விட்டார். அந்த வாயிலுக்கு ஒலி, வால்யூம் திருகைத் தாண்டாமலே வருகிறது. பாட்டைக் குறைத்தாலும் அடிக்குரல் குறையவில்லை. சரியான வழி எளிது. இரண்டு கருவிகளையும் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இன்னொரு சோடிக் கம்பியை எடுத்து, சப்வூஃபரின் ஸ்பீக்கர் உள்வாயிலில், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என இணைக்க வேண்டும். சப்வூஃபருக்குள் தனி ஆம்ப்ளிபயர் இருப்பதால் அது பழைய கருவியின்மீது சுமையேற்றுவதில்லை. குறிப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறது. என் சிறிய ஸ்பீக்கர்கள் தளரும் இடமான 80 ஹெர்ட்ஸில் பிரிப்பு எல்லையை வைத்தேன்.

அன்றிரவு வீடு அதிர்ந்தது. நான் மகிழ்ந்துபோனேன். மறுநாள் கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்தார்கள்.

"சார், நீங்க போடற பாட்டு எனக்குக் கேக்கவே இல்ல. ஆனா கட்டில் அதிருது. ராத்திரி பூரா தூங்கல."

வெட்கமாக இருந்தது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பிடுகின்றன. ஆனால் அந்த அளவுகோல் செவியின் கூர்மையை ஒட்டியது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். விதிக்குள் இருந்துகொண்டே ஒருவர் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதை அன்று அறிந்தேன்.

இன்னொன்றையும் அறிந்தேன். என் அறையின் நீளம் 14 அடி. 40 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளமும் அதுவே. அந்த அறையில் அந்தச் சுரம் தானாகவே வீங்கும். மூலையில் வைத்த பெட்டி அதை இன்னும் ஊதிப் பெருக்கியது. நான் பிள்ளையவர்களின் தொப்பி என்று மகிழ்ந்ததில் பெரும்பகுதி என் சுவர்களின் முழக்கம்.

பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினேன். அடியில் தடித்த ரப்பர் விரித்தேன். சப்வூஃபர் இருப்பதே தெரியாத அளவுக்கு ஒலியைக் குறைத்தேன். பிறகு ஒரு மாலை, அதே நாடாவைப் போட்டேன். தனியின் நடுவே, வலக்கை அழுத்தி இழுக்கும் ஒரு கும்கி. மெலிந்துதான் ஒலித்தது; ஆனால் அது நாடாவில் இருந்தது. முப்பதாண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்தும் நாங்கள் கேட்காதது.

பதிவாகாத ஒலியை எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. 1962இல் மறைந்த அக்கலைஞரின் தொப்பியில் நமக்குக் கிட்டியது இவ்வளவே. அப்பா சொன்ன பாதி இதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இல்லை. கீழ்வீட்டு அம்மாளிடம் மட்டும், கட்டில் அதிர்கிறதா என்று போய்க் கேட்டுவந்தேன். இல்லை என்றார்கள்.