ஒரு நாள் வழித்தடமும் வல்லாளன் ஆணையும்: ஓசூர் - கிருஷ்ணகிரி எல்லைப்பகுதிக் கோயில் பயணங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் தொன்மையான கோயில்களை ஒரே நாளில் வழிகாட்டியின் துணையோடு கண்டுவரும் பழக்கம் அண்மைக்காலத்தில் வேரூன்றி வருகிறது. இத்தகைய பயணங்கள் 'பௌத்தம்', 'இந்து' என்னும் இரு தலைப்புகளின்கீழ்த் தலங்களைப் பகுத்துக்கொள்வதும் மாநில எல்லையோடு நின்றுவிடுவதும் இப்பகுதியின் சான்றுகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் கி.பி. 1301இல் பிறப்பித்த வரிநீக்க ஆணையில் இடம்பெறும் நாடுகளின் பட்டியல் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓசூர், செவிடபாடி, முரசு நாடு, குந்தாணி, பள்ளிச்சந்தம், வேடியப்பன், மரபுப்பயணம்.

பயணமும் பயணிகளும்

1970களில் சிப்காட் தொழில்வளாகம் அமைந்ததிலிருந்து ஓசூரின் மக்கள்தொகை அமைப்பு மாறத் தொடங்கியது. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்களும் பொறியாளர்களும் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஓசூர் என்பது ஆலைகளின் ஊர்; அதற்குமுன் அங்கு என்ன இருந்தது என்பது தெரியாத செய்தி. விடுமுறை நாளொன்றில் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பத்தக்க கோயில் பயணங்களுக்கு வருவோர் இவர்களே. எனவே வழிகாட்டி கூறும் சொற்கள் பலருக்கு இம்மண்ணின் வரலாறாகவே நிலைத்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் இப்பயணங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. கல்வெட்டுத் தொகுதிகளைப் படிப்போரின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒரு பேருந்தில் அமர்ந்து கேட்போரின் எண்ணிக்கை மிகுதி.

வழித்தடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலைதான். ஓசூர் மலைமீது சந்திரசூடேசுவரர் கோயில், அங்கிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் கிருஷ்ணகிரி, அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்கள், காவேரிப்பட்டினத்தை அடுத்த பெண்ணேசுவரமடம் எனத் தலங்கள் தெற்குநோக்கி அடுக்கப்படுகின்றன. 'பௌத்தத் தலம்' ஒன்றும் வேண்டுமெனில் பேருந்து மேலும் 110 கி.மீ. அளவு ஓடிச் சேலத்துக்குச் செல்லவேண்டும். அந்த நீட்சியின் பொருள் என்ன என்பதைப் பின்னர்க் காணலாம்.

செவிடபாடி

ஓசூர் என்னும் பெயர் கன்னடத்தில் 'புதிய ஊர்' என்று பொருள்படுவது. சந்திரசூடேசுவரர் கோயில் கல்வெட்டுகள் வழங்கும் பழைய பெயர் செவிடபாடி. தலபுராணம் இப்பெயருக்கு ஒரு காரணம் சொல்கிறது. இறைவன் உடும்பு உருக்கொண்டு ஓட, உமை தொடர்ந்துவர, அங்குத் தவமிருந்த முனிவர் இருவர் உடும்பு சென்ற திசையை மறைத்தமையால் ஊமையாகவும் செவிடாகவும் சபிக்கப்பட்டனர் என்பது அக்கதை. மலையேறி மூச்சுவாங்க நிற்கும் பயணிக்கு இக்கதை உகந்தது. வழிகாட்டிகள் அதை விரும்பிச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் பெயர்க்காரணக் கதை பெயருக்குப் பின்னர்த் தோன்றுவதே பெரும்பான்மை வழக்கம் என்பதை ஒரு வரியிலேனும் சேர்த்துச் சொல்லுதல் தகும்.

ஊர் எந்த நாட்டைச் சார்ந்திருந்தது என்பது கதையினும் முதன்மையான செய்தி. ஓசூர் வட்டாரம் முரசு நாட்டுக்குள் அடங்கியது. மொரசு என்று கன்னடத்தில் வழங்கும் இந்நாடு இன்றைய பெங்களூரு, கோலார்ப் பகுதிகளிலும் பரந்திருந்தது. மொரசு ஒக்கலிகர் என்னும் வேளாண்குடியின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது. முதலாம் இராசராசன் கங்கபாடியையும் நுளம்பபாடியையும் வென்றபின் இவ்வெல்லை நிலத்தின் பெரும்பகுதி நிகரிலிசோழ மண்டலம் என்னும் பெயரைப் பெற்றது. மண்டலப் பெயர் ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போயிற்று, நாட்டுப்பெயர்கள் போகவில்லை. சோழரும் போசளரும் அதே நாடுகளை வைத்தே இந்நிலத்தை எண்ணினர்.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும், 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் ஓசூர் உள்ளிட்ட பாலாகாட்டும் ஆங்கிலேயர் வசமாயின. சேலம் மாவட்டத்தின் உறுப்புகளாக இருந்த இவை 1965இல் தருமபுரி மாவட்டமாகவும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமாகவும் பிரிந்தன. 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நிகழ்ந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தொடர்ந்தது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நிலமாக அது இன்றும் இருக்கிறது. முரசு நாடு மட்டும் இரண்டு மாநிலங்களுக்கிடையே பிளந்து கிடக்கிறது.

பௌத்தத் தலத்தைத் தேடி

'பண்டைய பௌத்த, இந்துக் கோயில்கள்' என்னும் இணைப்பு காஞ்சிபுரத்துக்கோ நாகப்பட்டினத்துக்கோ பொருந்தும். தகடூர், முரசு நாட்டுப் பகுதிகளின் கல்வெட்டுகளில் வைதிகமல்லாத சமயமாக உறுதியுடன் வெளிப்படுவது சமணம். சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 893இல் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துத் தருமபுரிக் கன்னடக் கல்வெட்டு, வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் உடன்பிறந்தார் தகடூரில் சமணப் பசதி எடுப்பித்ததையும் அதற்கு மூலப்பள்ளி என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதையும் கூறுகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின், தகடூர் அதியமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களைப் போளூர்த் திருமலையில் புதுப்பித்தான். வணிகரின் பணமும் அரச குடும்பத்தின் ஆதரவும் சமணத்துக்குக் கிடைத்தமைக்கு இவை ஐயமற்ற சான்றுகள்.

ஆனால் சமணம் இன்றைய பயணத் தலைப்பில் இடம்பெறுவதில்லை. அமர்ந்த கோலத்தில் ஒரு கற்சிற்பம் கண்ணிற்பட்டால் அதைப் புத்தர் என்று சொல்லிவிடும் வழக்கமும் உண்டு. தீர்த்தங்கரர் ஆடையின்றியும் முக்குடையின்கீழும், புத்தர் சீவர ஆடையோடும் உச்சிமுடிப்போடும் அமைவர் என்ற எளிய வேறுபாட்டைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் 'பௌத்தமும் தமிழும்' நூலையும் 1954இல் 'சமணமும் தமிழும்' நூலையும் தனித்தனியே எழுதியது தற்செயலன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பது அவருக்குப் பிந்திய சோம்பல்.

பேருந்து சேலம்வரை செல்லவேண்டியிருப்பதன் காரணம் இதுவே. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரில் வழிபடப்பட்டுவந்த சிற்பம் புத்தருடையது என்று வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி மாநிலத் தொல்லியல் துறை ஆராய்ந்தது. தாமரைப் பீடத்தில் தியான முத்திரையோடு அமர்ந்த கோலம், சுருள்முடி, உச்சிமுடிப்பு, நீண்ட செவிமடல் ஆகிய இலக்கணங்களைச் சுட்டி, அது புத்தர் சிற்பமே என்றும், துண்டான தலை பிற்காலத்தில் பிழையாக ஒட்டப்பட்டுள்ளது என்றும் துறை அறிக்கை அளித்தது. 2022 சூலையில் நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் அவ்விடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும், இது புத்தர் சிற்பம் என அறிவிப்புப் பலகை வைக்கவும், பொதுமக்கள் வந்து காணலாமாயினும் பூசை நிகழ்த்த இடமளிக்கலாகாது என்றும் ஆணையிட்டார்.

வேடியப்பனும் முனியப்பனும்

சேலத்து வழக்கைக் கிருஷ்ணகிரியின் நடுகற்களோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் பயணத்தின் உண்மையான சிக்கல் தெளிவாகிறது. கால்நடைகளை மீட்கும் பூசலில் இறந்த வீரர்க்கு எடுக்கப்பட்ட கற்கள் செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் மிகுதி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் இவற்றைத் தேடிப் படியெடுத்து வெளியிட்டது. வட்டெழுத்தில் வீரனின் பெயரும் அவன் சேவித்த தலைவனின் பெயரும் பொறிக்கப்பட்டவை பல. ஊர்மக்களுக்கோ அவை வேடியப்பன். எண்ணெய் பூசி, மாலையிட்டு, பொங்கல் வைக்கின்றனர். எழுத்து எண்ணெய்க்குள் மூழ்கிப்போனாலும் கல் நிலைத்தது. வழிபாடு இருந்ததால்தான் அது வேலிக்காலாகவோ துவைகல்லாகவோ ஆகாமல் தப்பியது.

ஆக, ஒரே வகைப் பெயர்மாற்றம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கையாளப்படுகிறது. வீரன் வேடியப்பனானதை ஆய்வுலகம் தொடர்ச்சி என்கிறது. புத்தர் முனியப்பனானதைத் திரிபு என்கிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை. வேடியப்பன் வழிபாட்டில் நினைவு வடிவம் மாறியதே தவிர எதிர்மறுப்பு இல்லை. உயிர்ப்பலியை ஏற்காத ஒரு சமயத்தின் ஆசானைக் காவல் தெய்வமாக்குவதில் மறுப்பு அடங்கியிருக்கிறது. பௌத்தர்களின் உரிமைக்கோரிக்கை நியாயமானது. நீதிமன்றம் அதை ஏற்றதும் சான்றின் அடிப்படையிலேயே. ஆயினும் 'இச்சிற்பம் யாருடையது' என்ற வினாவும் 'இங்கு யார் வழிபட்டு வந்தனர்' என்ற வினாவும் வெவ்வேறானவை. முதலாவதற்குச் சிற்ப இலக்கணம் விடை தரும். இரண்டாவதற்கு, கல்லைத் தலைமுறைகளாகக் காத்த எளிய மக்களின் வரலாறுதான் விடை. பலகை முதல் விடையைச் சொல்லிவிட்டது. இரண்டாவதைச் சொல்லும் கடமை வழிகாட்டியிடம் வந்து சேர்கிறது.

வல்லாளன் வகுத்த வழி

இனி, சமயத் தலைப்புகளுக்கு மாற்றாக இந்நிலமே தரும் வழித்தடம் ஒன்றைக் காணலாம். போசள மன்னன் சோமேசுவரனின் மகன் இராமநாதன், கண்ணனூரைப் பாண்டியரிடம் இழந்தபின் குந்தாணியைத் தலைநகராக்கினான். அக்குந்தாணி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்னகொத்தூர்ப் பகுதியாகும். இவனது பெண்ணேசுவரமடக் கல்வெட்டு, ஊர்களில் சோறு கேட்டு மக்களை நெருக்குவோரின் தலையை அறுக்குமாறு பணிக்கிறது. கடுமையான இவ்வாணை எழுதப்படும் அளவுக்கு அதிகாரிகளின் தொல்லை இருந்தது என்பதே அதன் செய்தி. மன்னனின் நீதியுணர்வை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது பாதிக் கதையாகும்.

இராமநாதனுக்கும் அவன் மகன் விசுவநாதனுக்கும் பின்னர்க் குந்தாணி அரசு மூன்றாம் வல்லாளன் கைக்கு வந்தது. ஆட்சி கைமாறிய புதிதில், சக ஆண்டு 1223இல், குந்தாணி இராச்சியத்துக் கோயில்களின் தானத்தாருக்கும் மடங்களின் தலைவர்களுக்கும் அவன் ஓர் ஆணை விடுத்தான். தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்களிலிருந்து பெறப்பட்டுவந்த தறியிறை, தட்டார் வரி உள்ளிட்ட பல்வகை வரிகளை நீக்கி, அவ்வருவாயைப் பூசைக்கும் அமுதுபடிக்கும் திருப்பணிக்கும் பயன்படுத்துமாறு அது கூறுகிறது. இழந்து மீண்ட நிலத்தில் கோயில் நிருவாகிகளின் ஆதரவை ஈட்டும் அரசியல் இதில் வெளிப்படை. சைவ, வைணவக் கோயில் நிலங்களோடு சமண, பௌத்தப் பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்தமும் ஒரே தொடரில் வருவது கருதத்தக்கது. மன்னனின் கணக்கில் இவை நான்கும் ஒரே வகை: வரிவிலக்குப் பெறும் அறநிலங்கள்.

ஆணை விளிக்கும் நாடுகளைப் பாருங்கள்: முரசு நாடு, பெண்ணையாண்டார்மட நாடு, குவளால நாடு, கைவார நாடு, இலைப்பாக்க நாடு முதலியன. முதலாவது ஓசூர்ப்பக்கம். இரண்டாவது தென்பெண்ணைக் கரையிலுள்ள பெண்ணேசுவரமடத்தின் பெயரால் அமைந்தது. குவளாலம் இன்றைய கோலார். இலைப்பாக்கம் பெங்களூருவின் எலகங்கா. நந்திமலைப் பகுதியில் தோன்றி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக இறங்கும் தென்பெண்ணையின் மேற்பகுதி முழுவதும் ஓர் அரசின் கோயில் பதிவேட்டில் அடங்கியிருந்தது. (அதே ஆறு இன்று பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரைத்துக் கிடக்கிறது. எல்லை ஆற்றுக்குத் தெரியாது என்பதைப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டே அறிகின்றனர்.)

இவ்வாணையின் படிகள் பெங்களூரு, கோலார்ப் பகுதிக் கோயில்கள் பலவற்றில் தமிழிலேயே வெட்டப்பட்டுள்ளன. அக்கோயில்கள் மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்தமையால், பி. எல். ரைசு 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம், பத்தாம் தொகுதிகளில் அவை அச்சேறின. ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்வெட்டுகளோ சென்னை மாகாணக் கல்வெட்டாய்வின் ஆண்டறிக்கைகளிலும், பின்னர்த் தமிழ்நாடு தொல்லியல் துறையின் வெளியீடுகளிலும் இடம்பெற்றன. ஒரே அரசின் ஆவணங்கள் இவ்வாறு இரு நூலகத் தட்டுகளுக்குப் பிரிந்தன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவ்வட்டாரம் குறித்து எழுதுவோர் மைசூர்த் தொகுதிகளையும், பெங்களூரு வரலாற்றை எழுதுவோர் கிருஷ்ணகிரிச் சான்றுகளையும் புரட்டத் தவறுவதற்கு இப்பிரிவினையே முதற்காரணம். பயண வழிகாட்டியின் கையேடும் அத்தட்டுகளுள் ஒன்றிலிருந்தே எழுதப்படுகிறது.

ஓசூரிலிருந்து சேலத்துக்குச் சாலைவழி ஏறத்தாழ 160 கி.மீ. பெங்களூரு தோமலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்கோ ஏறத்தாழ 40 கி.மீ.தான். அதன் சுவர்களிலும் தூண்களிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊரின் அன்றைய பெயரும் நிலக்கொடையும் அவற்றில் உண்டு. காலையில் செவிடபாடி மலை, முற்பகலில் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைக் கடந்து தோமலூர், பிற்பகலில் கோலார் என்று அமையும் பயணம் வல்லாளன் ஆணையின் நாடுகளுள் மூன்றைத் தொட்டுவிடும். பெங்களூருவின் போக்குவரத்து நெரிசல் இடங்கொடுக்கவேண்டும் என்பது ஒரு தடை. அனுமதிச்சீட்டு பெற்ற வாடகைப் பேருந்து வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் சமாளிக்கத்தக்கவை. மைசூர்த் தொகுதிகளின் தமிழ்ப் பாடங்களை வழிகாட்டிகள் கையாளும் வகையில் எளிய பதிப்பாக எடுத்துத் தருவதை எல்லையின் இருபுறத்து வரலாற்றுத் துறைகளும் உடனே தொடங்கலாம்.