நஞ்சையில் ஒரு தரைத்தளம்

பதினோரு வருஷம் பெங்களூரு. இப்போது வேலை சென்னைக்கு, பெருங்குடிப் பக்கம் மாறுகிறது. இந்த முறை அம்மாவும் எங்களோடு வருகிறாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்தபோது எங்கள் ஊர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டதால் மாடி ஏற முடியாது. லிஃப்ட் இருக்கிறதே என்றால், "கரண்டு போச்சுன்னா அந்தப் பொட்டிக்குள்ளயா நிக்கச் சொல்லுத?" என்கிறாள். ஆக, தரைத்தளம்தான். சென்னையில் தரைத்தளம் தேடுகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "2015-ல அங்க தண்ணி வந்துச்சான்னு விசாரிச்சியா?"

வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மடிப்பாக்கம், வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அம்பத்தூர், ஆவடி என்று பதினான்கு ஊர்கள். வாடகை, ஆபீஸுக்கு எத்தனை நிமிஷம், ரயில், ஸ்கூல், குடிதண்ணீர், வெள்ளம் என்று பத்திகள். இரண்டு வாரத்தில் ஷீட் நிறைந்துவிட்டது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் துலங்கவில்லை. மேப்பில் அடுத்தடுத்த தெருக்கள். ஒன்றில் கார் மூழ்கியிருக்கிறது, மற்றதில் வாசல் கோலம்கூட அழியவில்லை. போனில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டாள்: "அதெல்லாம் கெடக்கட்டும்ல. அந்த எடம் முன்ன நஞ்சையா, புஞ்சையா?"

அன்றைக்குச் சேர்த்த பதினைந்தாவது பத்திதான் மற்ற எல்லாப் பத்திகளுக்கும் விளக்கம் தந்தது. தலைப்பு: முன்னாடி என்ன இருந்துச்சு?

சென்னையின் தெற்கும் மேற்கும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஏரி மாவட்டம் என்றே அதற்குப் பெயர். நம்பி விவசாயம் பண்ணுகிற மாதிரி பெரிய ஆறு கிடையாது, பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் நெல். அதனால் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டு ஏரி. கரைக்குக் கீழே மதகு, மதகு பாயும் ஆயக்கட்டு நஞ்சை. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்தது. சங்கிலியின் கடைசியில் ஆறோ, சதுப்போ, கடலோ. ஆற்காட்டு நவாப்பிடமிருந்து 1763-ல் இந்தப் பகுதி கம்பெனி ஜாகீரான பிறகு, தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி ஊர் ஊராக அளந்து எழுதிய கணக்கில் ஏரிகளும் குளங்களும் நிலங்களும் பதிவாகியிருக்கின்றன.

இந்த அமைப்பில் வீடுகள் எங்கே இருந்தன என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம். நத்தத்தில். அதாவது மேட்டில், தண்ணீர் ஏறாத இடத்தில். அதைச் சுற்றிப் புஞ்சை, அதற்கும் கீழே நஞ்சை. எந்தச் சென்னைப் புறநகரிலும் பழைய கோயில், அதைச் சுற்றிய நாலைந்து குறுகலான தெருக்கள் இருந்தால் அது பெரும்பாலும் நத்தம். நகரம் வந்தபோது நத்தத்தில் இடமில்லை. லேஅவுட்டுகள் வயலுக்குள் இறங்கின. வயல் ப்ளாட்டானதும் மதகைத் திறக்க ஆள் இல்லை, திறந்தால் பாய்வதற்கு நிலமும் இல்லை. ஒரு காலத்தில் ஏரி நிறைந்தால் ஊர் பொங்கல் வைக்கும். இப்போது நிறைந்தால் ஜனங்கள் கரையை உடைக்கச் சொல்லி மனு கொடுக்கிறார்கள். கலங்கலுக்குக் கீழே ஓடிய வாய்க்கால்மேல் தெரு, தெருவுக்குப் பெயர் அநேகமாக ஏதோ ஒரு 'நகர்'.

இதை ஐ.டி. காலத்துக் கூத்து என்று நினைப்பவர்களுக்குத் தி.நகரைக் காட்டலாம். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று இருந்தது. ஆங்கிலேயர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஏரியின் மாம்பலம் பகுதியை வற்ற வைத்து, மனை போட்டு, தியாகராய நகர் உருவானது. இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. லேக்கும் கிடையாது, டேங்க்கும் கிடையாது. கிடையாத சாமான்களுக்கு இத்தனை பெயர்ப்பலகை வைத்த ஊர் வேறு இருக்குமா, தெரியவில்லை.

அப்புறம் ரயில். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜில் மின்சார ரயில் விட்டார்கள். நகரத்தில் வேலை, வெளியே வீடு என்ற வாழ்க்கை அந்தத் தண்டவாளத்தில்தான் சாத்தியமானது. மாம்பலம், பழவந்தாங்கல், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் குமாஸ்தாக்களின் ஊர் முளைத்தது. பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது, தாங்கல் என்றால் சிறிய ஏரி. இந்தத் தடத்துக்கு இன்னொரு அதிர்ஷ்டம், பக்கத்திலேயே மேடுகள்: பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள், தாம்பரத்துப் பச்சைமலை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் செம்புறாங்கல் சரளையில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். மேடான இடமாகப் பார்த்துக் குடிபோன முதல் ஆசாமி அவன்தான் என்று ஷீட்டில் குறித்துவைத்தேன்.

ஆனால் இந்தத் தடத்துக்கும் ஒரு முதல் பக்கம் உண்டு, யாரும் பேசாத பக்கம். தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928-ல் காசநோய் சானடோரியம் தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத நாட்கள். காற்று நன்றாக இருக்கும், அதைவிட முக்கியமாக, ஊரை விட்டுத் தள்ளி இருக்கும். இன்றைக்கும் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தாம்பரம் சானடோரியம். குரோம்பேட்டையின் குரோம் அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. தோல் பதனிடுவது நாற்றம் பிடித்த வேலை, நகரத்துக்குள் வேண்டாம். பம்மல், நாகல்கேணி வரை பரவிய தோல் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்ததை இப்போதும் போர் தண்ணீர் சொல்லும். வடக்கே 1960-களில் மணலிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூருக்கு அனல்மின் நிலையம். வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன எண்ணூர் அது. 2023 வெள்ளத்தில் அங்கே கழிமுகமெல்லாம் எண்ணெய் படர்ந்தது. என் நண்பர்களின் பட்டியல் எதிலும் எண்ணூர், மணலி பெயர்கூட இல்லை. 'நல்ல ஏரியா' என்ற பேச்சு தொடங்கும் முன்பே அந்த ஊர்கள் கழிக்கப்பட்டுவிடுகின்றன.

ஆவடியும் அம்பத்தூரும் கொஞ்சம் வேறு கதை. 1955-ல் காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட அதே ஆவடியில் 1960-களில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை. இவை வேலையோடு சேர்ந்து வளர்ந்த ஊர்கள், அந்த நிதானம் தெருக்களில் தெரிகிறது. எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அங்கிருந்து பெருங்குடிக்கு தினம் போய்வந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருக்கவே மாட்டேன். அழித்துவிட்டேன்.

ஆக மிஞ்சியது தென்கிழக்கு. நகரம் தனக்கு வேண்டாததை வெளியே தள்ளுகிற இந்தப் பழக்கம் முழு வேகத்தில் நடந்த இடம் அது.

வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம் என்று தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணைக் கழுவெளி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், பிறகு கோவளத்துக் கழிமுகத்துக்கும் போகும். பல ஆயிரம் ஹெக்டேராக இருந்த கழுவெளி. கழுவெளியில் நெல் விளையாது, வரி வராது. ஆகவே சர்க்கார் கண்ணுக்கு அது தரிசு. தரிசில் எதையும் கொட்டலாம். முதலில் குப்பையைக் கொட்டினார்கள்: பெருங்குடிக் குப்பை மேடு. பிறகு ரோடு, கல்லூரிகள், ஆய்வு நிறுவனங்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் ராஜீவ் காந்தி சாலை நெடுக கண்ணாடிக் கட்டடங்கள். மிஞ்சிய சதுப்பில் 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஃபிளமிங்கோ படம் எடுக்க வாரக்கடைசியில் கூட்டம் வருகிறது.

குப்பைக்கு அடுத்துக் கொண்டுபோய் விடப்பட்டது மனிதர்கள். 2000-லிருந்து கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அப்புறம் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகள். கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகு மொத்தமாக அங்கே குடியேற்றினார்கள். சொல்லப்பட்ட காரணம், ஆற்றங்கரை ஆபத்தானது. கொண்டுவந்து விட்ட இடம், ஒரு டஜன் ஏரிகளின் தண்ணீர் வடியும் பள்ளம். மயிலாப்பூரில் நாலு வீட்டு வேலை பார்த்த பெண்ணுக்கு இப்போது பஸ்ஸிலேயே நாளின் பாதி போய்விடும். அந்தக் குடியிருப்புக்குக் கொஞ்ச தூரத்தில், நீச்சல் குளம் வைத்த அபார்ட்மென்டில், எனக்கு ஒரு வீடு காட்டினார்கள். புரோஷரில் 'லேக் வியூ' என்று போட்டிருந்தது. இந்த முறை லேக் நிஜமாகவே இருந்தது, பயமே அதுதான். அதே மண், அதே வெள்ளம். எங்களுக்கு ஜெனரேட்டர் இருக்கும், அவர்களுக்கு இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனை தண்ணீருக்கு நடுவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது என்பது தனி வேடிக்கை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டபோது, ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்தச் சாலையின் பல அபார்ட்மென்ட்களில் டேங்கர் லாரி இன்றைக்கும் மெயின்டனன்ஸ் பில்லில் நிரந்தர வரி.

2015 டிசம்பர் 1 மழையைப் பற்றி ஒரு விஷயம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் திறந்ததுதான் காரணம் என்று பலரும் என்னிடம் சொன்னார்கள். மேப்பைப் பாருங்கள்: செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றோடு சேர்வது திருநீர்மலை பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் வழிந்த தண்ணீர், தன்னுடைய பழைய பாதையில். அடையாற்றின் நடுப்பகுதி ஊர்களுக்குச் செம்பரம்பாக்கத்தைத் திட்ட நியாயம் இருக்கிறது. முடிச்சூருக்குக் காரணம் வயல் லேஅவுட்டான கதைதான்.

ஷீட்டின் கடைசிப் பத்திக்குத் தாய்ப்பத்திரங்கள் உதவின. வாடகை வீட்டுக்குப் பத்திரம் கேட்டால் ஓனர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், ஆனாலும் சிலர் காட்டினார்கள். அ-பதிவேட்டில் சர்வே எண்ணைப் போட்டால் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு தெரிந்துவிடும். ஒரு இடத்தில் பத்திரம் வரைக்கும் பேச்சே போகவில்லை. ஊர் பெயர் வேண்டாம். புரோக்கர் எங்கள் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், அப்பா பெயரை முழுசாகக் கேட்டார். பிறகு, "ஓனர் வெஜ் ஃபேமிலிதான் பாக்குறாரு சார்" என்றார். அந்த இடம் அருமையான மேடு. பழைய நத்தத்திலும் மேடு எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

கடைசியில் குரோம்பேட்டை. பச்சைமலைச் சரிவை ஒட்டிய பழைய லேஅவுட், 1970-களில் கட்டிய வீடு, அ-பதிவேட்டில் புஞ்சை. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குடிக்க, சமைக்க மாநகராட்சிக் குழாயும் கேனும். ஆபீஸுக்குப் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு. அந்த ரோடு பல்லாவரம் பெரிய ஏரியைப் பிளந்துகொண்டு போகிறது, பிறகு பள்ளிக்கரணைக் கழுவெளியை. ஏரி இல்லாத இடமாகப் பார்த்து வீடு பிடித்துவிட்டு, தினம் இரண்டு வேளை ஒரு ஏரிமேலும் ஒரு சதுப்புமேலும் பைக்கில் போகப் போகிறேன். இதற்கு ஷீட்டில் பத்தி இல்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் 2015-ஐக் கேட்டேன். வாசலுக்கு நாலு படி. "தெருவுல ஓடுச்சு தம்பி. ரெண்டாவது படி நனஞ்சுது, அதோட நின்னுடுச்சு" என்று படியைக் கையால் தொட்டுக் காட்டினார். அம்மாவிடம் நாலு படி என்று சொன்னேன். "கம்பி இருந்தா புடிச்சி ஏறிருவேன்" என்றாள். கைப்பிடி வைத்துக்கொள்ள ஓனர் சம்மதித்துவிட்டார், செலவு என்னுடையது. வெல்டர் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.