இளந்தாரி மடமும் எட்டுப் பேர் அணியும்

இந்த முறை பங்குச்சந்தையும் இல்லை, கணக்குப்பதிவியலும் இல்லை. கொஞ்சம் வரலாறு.

'லைஃப் ஸ்கில்ஸ்' என்ற வார்த்தையைக் கேட்காத கல்லூரி மாணவர் இன்று யாரும் இருக்க மாட்டார்கள். தமிழில் வாழ்க்கைத் திறன்கள் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இதற்கு ஒரு பட்டியலே போட்டது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, புதிதாகச் சிந்திப்பது, அலசிப் பார்த்துச் சிந்திப்பது, தெளிவாகப் பேசுவது, பிறரோடு பழகுவது, தன்னை அறிவது, பிறர் நிலையில் நின்று பார்ப்பது, உணர்ச்சிகளைச் சமாளிப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது என மொத்தம் பத்து. இவற்றைப் பெரிய கூட்டத்துக்குச் சொற்பொழிவாகச் சொல்லித்தர முடியாது, சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துச் செய்ய வைத்துத்தான் பழக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் போடிநாயக்கனூரில் நின்று மேற்கே தெரியும் மலையைப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

முதுவர்கள்

போடியிலிருந்து குரங்கணி வழியாக மேலே ஏறினால் முதுவாக்குடி வரும். பெயரே சொல்லிவிடுகிறது, அது முதுவர் மக்களின் குடியிருப்பு. மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு, இடமலைக்குடி என்று கேரளத்திலும் இவர்கள் பரவி வாழ்கிறார்கள். நாம் கடையில் வாங்கும் 'கண்ணன் தேவன்' தேயிலையின் பெயர்கூட ஒரு முதுவர் தலைவரின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். முதுவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிவந்த கதைகள் அதில் இருக்கின்றன. இவர்கள் முதலில் மதுரையில் இருந்தார்களாம். பாண்டியர் காலத்துப் போர்க் குழப்பத்தில் ஊரை விட்டுக் கிளம்பி, போடிநாயக்கனூர் வழியாக மலை ஏறினார்களாம். பிள்ளைகளை முதுகில் சுமந்து ஏறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாம். முதுகில் சுமந்தது மீனாட்சி அம்மன் சிலையை என்று இன்னொரு கதையும் உண்டு. இது நிரூபித்த வரலாறு இல்லை, வாய்வழி மரபு. ஆனாலும் நம்ம ஊர் பெயர் அதில் வருவதில் எனக்கு ஒரு சந்தோஷம்!

ஊருக்குள் ஒரு இளைஞர் வீடு

விஷயத்துக்கு வருவோம். முதுவர் குடியில் கல்யாணம் ஆகாத பையன்கள் ராத்திரி தங்கள் வீட்டில் படுப்பதில்லை. அவர்களுக்கென்று தனிக் கட்டடம் உண்டு. இளந்தாரி மடம் என்பார்கள், சாவடி, சத்திரம் என்றும் சொல்வதுண்டு. பெண் பிள்ளைகளுக்குக் குமரி மடம். அங்கே வயதான பெண் ஒருவர் துணையாக இருப்பார். இளந்தாரி என்றால் வாலிபன் என்று தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பையன் பருவத்துக்கு வந்ததும் தலைப்பாகை கட்டும் சடங்கு நடக்கும். அதன் பிறகு அவன் குழந்தை இல்லை. மடத்தில் தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களோடு இருப்பான். பாட்டு, கதை, காட்டைப் பற்றிய அறிவு, குடியின் கட்டுப்பாடுகள் எல்லாம் அவர்களிடமிருந்துதான் வரும். குடிக்கு வரும் ஆண் விருந்தாளிகளைத் தங்கவைப்பதும் அங்கேதான். முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்குப் பாய் விரித்துக் கொடுத்து, அவர் சொல்லும் ஊர்ச் செய்தியைக் கேட்டு, கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லிப் பழகும் பையனுக்குத் தனியாக 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' வகுப்பு எதற்கு?

இது முதுவர்களிடம் மட்டும் இருந்த ஏற்பாடு இல்லை. பஸ்தர் பகுதி முரியா மக்களின் 'கோட்டுல்' பற்றி வெரியர் எல்வின் 1947-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். நாகர்களிடம் 'மொரங்' உண்டு. நம் சமவெளி ஊர்களிலும் ஒயிலாட்டக் குழு, சிலம்பக் கூடம் என்று இளவட்டங்கள் ஒரு வாத்தியாரின் கீழ் சேர்ந்து பழகிய இடங்கள் இருந்தன. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. சமவெளியில் ஊர்ச் சாவடியில் எல்லாரும் உட்கார்ந்துவிட முடியாது. சாதி பார்த்துத்தான் இடம். பெண்களுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. சின்னக் குழு என்றாலே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இருபது பையன்கள், ஒரு தீவு

மேற்கத்திய நாடுகளில் இந்த யோசனை பிரபலமானது சாரணர் இயக்கத்தால். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள், மீதிப் பேர் சாதாரண உழைக்கும் குடும்பத்துப் பையன்கள். அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அணிக்கும் அவர்களில் ஒருவனே தலைவன். பிறகு இதுவே ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட அணி முறையாக உலகம் முழுவதும் போனது. தன்னைவிடக் கொஞ்சம் மூத்தவனிடம் கற்றுக்கொள்வது, கூட்டாகத் தங்குவது, பொறுப்பைப் பங்கு போடுவது என்று பார்த்தால் இளந்தாரி மடத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதானே!

இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் சாரணர் இயக்கம் தொடங்கியபோது ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கும்தான் அனுமதி. இந்தியப் பையன்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது. அதற்குப் பதிலாக அன்னி பெசன்ட் 1916-ல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சாரணர்கள் தலைப்பாகை கட்டி, இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். 1921-ல் பேடன் பவல் சென்னைக்கு வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல், தனித்தனியாக இருந்த அமைப்புகள் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள்.

கல்லூரிக்கு வந்தது 1969-ல். காந்தி நூற்றாண்டை ஒட்டி செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது நம்ம என்.எஸ்.எஸ்., தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாமுக்குப் போனவர்களைக் கேளுங்கள். அங்கே நடந்த சொற்பொழிவு எதுவும் ஞாபகம் இருக்காது. நாற்பது ஐம்பது பேருக்குச் சாம்பார் வைத்தது மட்டும் மறக்காது.

காமர்ஸ் மாணவனின் கணக்கு

இனி என் துறைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. ஒரு குழுவில் 12-லிருந்து 20 பேர். அவர்களுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது? கையில் இருந்த சேமிப்புப் பணம் நிஜப் பணம். யாருக்கு முதலில் கடன் கொடுப்பது, தவணை கட்டாதவரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் நிஜப் பிரச்சினை. தப்பாக முடிவெடுத்தால் நஷ்டம் அவர்களுக்கே. வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து பேசும் துணிச்சல் அப்படித்தான் வந்தது.

2021 அக்டோபரில் கொரோனா இடைவெளியை நிரப்பத் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் இதே மாதிரிதான். ஒரு தன்னார்வலர், சுமார் இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை. பிளஸ் டூ அல்லது டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த எத்தனையோ இளம்பெண்களுக்குத் தெருவில் 'டீச்சர்' என்ற பெயர் கிடைத்தது. பிள்ளைகள் படித்த அளவுக்கு அவர்களும் கற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இவை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. குழு சின்னதாக இருப்பது மட்டும் போதாது, அந்தக் குழுவை நம்பி யாராவது இருக்க வேண்டும். மடத்து இளந்தாரியை நம்பி விருந்தாளி இருந்தார். குழுப் பெண்களை நம்பிச் சேமிப்புப் பணம் இருந்தது. நம் வகுப்புகளில் நடக்கும் 'குரூப் ஆக்டிவிட்டி'யில் நம்மை நம்பி யார் இருக்கிறார்கள்? சார்ட் பேப்பர் ஒட்டுகிறோம், கை தட்டுகிறோம், சான்றிதழ் வாங்குகிறோம். நாம் செய்யாமல் விட்டாலும் யாருக்கும் எதுவும் குறையாது. அதனால்தான் எதுவும் மனதில் ஒட்டுவதில்லை.

மலையில் இன்று நிலைமை மாறிவருகிறது. முதுவர் பிள்ளைகள் படிப்புக்காகக் குடியை விட்டு விடுதிகளுக்கு வருகிறார்கள். படிப்பு கட்டாயம் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் மடத்தில் இருக்க வேண்டிய வயதில் அந்தப் பையன் விடுதியில் இருக்கிறான். விடுதியும் பிள்ளைகள் சேர்ந்து தங்கும் இடம்தானே? மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம் என்று அதை நடத்துவதா, அல்லது சமையல் கணக்கு, தோட்டம், நூலகம் என்று ஒவ்வொன்றையும் எட்டுப் பேர் கையில் நிஜமாகவே ஒப்படைப்பதா? இரண்டாவதைச் செய்தால் அந்தப் பையனுக்கு மடம் முழுசாகப் போய்விட்டது என்று ஆகாது.

நம்ம கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். ஒரு கேன்டீன் கணக்கையோ, மாணவர் கூட்டுறவு ஸ்டோரையோ எட்டு காமர்ஸ் மாணவர்களிடம் ஒரு செமஸ்டர் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பத்துத் திறன்களில் பாதியாவது வந்துவிடும். பேலன்ஸ் ஷீட்டும் புரிந்துவிடும், அது போனஸ்!

உங்களை நம்பி ஒரு வேலையை யாராவது ஒப்படைத்தது எப்போது, அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.